வீட்டில் வசிப்போர்: இருவர்

மார்ச் 4

என் கலெக்டருக்கு அண்ணி எழுதுவது.

முதலில் பதறாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. விழுந்தது மாடி அறையில் தங்கியிருந்தவர். போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும், "சும்மாதான் கூப்பிட்டேன், சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நல்ல சேதி என்றால் எனக்கு வாயே போதும். கெட்ட சேதிக்குப் பேனா வேண்டியிருக்கிறது.

அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்ட வந்தவர். மூன்று வாரமாக நம் வீட்டில்தான் தங்கியிருந்தார். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். காலை ஆறு மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். துண்டைக்கூட மடித்து வைத்துவிட்டுப் போகிற மனிதர். மாடிப்படியில் மேலிருந்து மூன்றாவது படியின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும் இல்லையா, அது போன வாரம் ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டது. தச்சரிடம் இரண்டு தடவை சொன்னேன், "நாளைக்கு வரேம்மா" என்றார் இரண்டு தடவையும். உன் அண்ணன் இருந்திருந்தால் அன்றைக்கே பசையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை காலை மெக்கானிக் வேலைக்குக் கிளம்பி இறங்கும்போது பட்டை அவர் ஷூவில் மாட்டிக்கொண்டது. பதினோரு படி உருண்டு கீழே வந்து சேர்ந்தார். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்து ஆப்பரேஷன் செய்திருக்கிறார்கள்.

பதினெட்டு மாடிக் குழிக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிறவர், நம் வீட்டுப் படியில் விழுந்துவிட்டாரே என்று எனக்கு ஆறவே இல்லை. அவரோ, ஆம்புலன்சில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "அக்கா, படிக்கட்டு எங்களுக்குப் போட்டிக் கம்பெனி. சமயம் பார்த்துக் காலை வாரிட்டான்" என்கிறார். வலியில் முகம் வெளுத்துப் போயிருக்கிறது, அப்போதும் சிரிக்கிறார். நான்தான் அழுதேன்.

ஆறு மாதம் ஏணி ஏறக்கூடாதாம். அவருடைய கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார். போன வருஷம் நீ ஒரு பாலிசி போட்டுக் கொடுத்தாயே, அது இதற்கு ஆகுமா? அந்தக் காகிதம் உன் அண்ணனின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

ஆகும். அதற்குத்தான் எடுத்தது. சாதாரண வீட்டுக் காப்பீடு, பணம் வாங்கித் தங்கவைக்கும் ஆட்களுக்குச் செல்லாது. அறை விடுகிறவர்கள் பாதிப் பேருக்கு இது தெரியாமல் விபத்து நடந்தபிறகு என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். நீங்கள் எடுத்திருப்பது, தங்க வந்தவருக்கு உங்கள் வீட்டில் அடிபட்டால் சிகிச்சைக்கும் சம்பள இழப்புக்கும் பொறுப்பேற்கும் பாலிசி. க்ளெய்ம் பதிவு செய்துவிட்டேன். உங்கள் பாலிசி என் அலுவலகத்தில் எடுத்தது என்பதாலும், நான் உங்கள் நாத்தனார் என்பதாலும், அந்த ஃபைலை நான் தொடக்கூடாது. வேறொருவர் பார்ப்பார்.

ஒரு வாரத்துக்குள் விசாரணைக்கு ஆள் வருவார். அவர் போட்டோ எடுக்கும்வரை அந்தப் படியில் கை வைக்காதீர்கள். தச்சர் இப்போது பார்த்து வந்து நின்றாலும் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மெக்கானிக்கிடமோ அவருடைய கம்பெனியிடமோ மன்னிப்புக் கேட்காதீர்கள். "என் தப்பு" என்று சொல்லாதீர்கள். பாலிசியின் நிபந்தனை அது. பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்வது கம்பெனியின் வேலை, நீங்களே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டால் சிக்கல். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. போனால் உடம்பை விசாரியுங்கள், வந்துவிடுங்கள்.

விசாரணைக்கு வருகிறவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி. உங்கள் வழக்கப்படி அவருக்குச் சாப்பாடு போட்டு, கதை சொல்லி, குடும்பப் படம் காட்டி அனுப்ப வேண்டாம்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? இதற்கும் உள்ளதை உள்ளபடி.

உங்கள்,
கலெக்டர்


மார்ச் 17

கலெக்டர் அம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் நான் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாயிற்று. கடிதம் வந்தபிறகு ஒரு தடவை. அது எப்படியடி முடியும்? ஒருத்தர் நம் வீட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், நான் போய் நின்று வானிலையைப் பற்றிப் பேசுவதா? கடைசித் தடவை அவரே கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, இன்னொரு வாட்டி சாரின்னு சொன்னீங்கன்னா நான் எந்திரிச்சு ஓடிடுவேன்" என்றார்.

விசாரணைக்காரர் வந்தார். சின்ன வயசு, கழுத்தில் அட்டை, நல்ல மரியாதை. படியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தார், அளந்தார், பட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டார். டீ மட்டும்தான் கொடுத்தேன், சத்தியமாக. பட்டை பெயர்ந்தது எனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். தச்சரிடம் சொன்னதையும் சொன்னேன். எல்லாம் உள்ளது உள்ளபடி.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல ரெண்டு பேர்னு போட்டிருக்கு. சார் எங்கம்மா?"

நான், "வெளிய போயிருக்கார்" என்று சொல்லிவிட்டேன்.

திட்டாதே. கொஞ்சம் பொறு, முழுக்கப் படி. நான் யோசித்துச் சொன்னதில்லை. நாக்கு பழகிப் போயிருக்கிறது. அறை வாடகைக்கு விட ஆரம்பித்த முதல் வாரமே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விடுகிறேன், தனியாக இருக்கிற பொம்பளை. வருகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் யார் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது? அதனால் உன் அண்ணனின் செருப்பை வாசலில் வைத்தேன். யாராவது கேட்டால் ஆபீஸ் போயிருக்கிறார், வெளியே போயிருக்கிறார் என்பேன். காலையில் மாடியில் நடமாட்டம் கேட்டதும் சமையலறையிலிருந்து, "ஏங்க, டீ ஆறுது!" என்று சத்தமாகச் சொல்வேன். மாடியில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்காகத்தான் ஆரம்பித்தேன். பிறகு மாடியில் யாரும் இல்லாத நாட்களிலும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திங்கட்கிழமை மெக்கானிக் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. பட்டையைப் பற்றி அன்று சொல்லியே ஆகவேண்டும் என்று முந்தின நாளே நினைத்து வைத்திருந்தேன். "பார்த்து இறங்குங்க" என்று சொல்ல வேண்டிய வாய், வழக்கம்போல "ஏங்க, டீ ஆறுது!" என்றது. அடுத்த நொடி தடதடவென்று சத்தம். அதனால்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஏதாவது பெரிய தப்பாகிவிட்டதா?

அண்ணி


மார்ச் 21

அண்ணி,

ஆமாம். பெரிய தப்பு.

விசாரணைக்கு வந்தவரிடம் தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறீர்கள். பட்டை பெயர்ந்ததை ஒப்புக்கொண்டது ஒன்றும் கெடுக்காது, அஜாக்கிரதைக்குத்தான் காப்பீடே இருக்கிறது. பொய்க்கு இல்லை. க்ளெய்மில் பொய் சொன்னதாக நிரூபணமானால் பாலிசியே செல்லாது என்று எழுதிவிடுவார்கள். நானே பலருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். செல்லாது என்றால் அந்த மனிதரின் ஆப்பரேஷன், ஆறு மாதச் சம்பளம், நாளைக்கு அவர் நொண்டினால் அதற்கு நஷ்ட ஈடு, எல்லாம் உங்கள் தலையில். உங்களிடம் இருப்பது அந்த வீடு ஒன்றுதான். வீட்டை விற்றுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். புரிகிறதா?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஃபைலைத் தொடக்கூடாது என்று நானே உங்களுக்கு எழுதினேன், ஆனாலும் அதையும் உங்கள் விண்ணப்பப் படிவத்தின் நகலையும் வாங்கிப் பார்த்தேன். "தங்க வருபவர்கள் இருக்கும் நாட்களில் வீட்டில் வசிப்போர் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு இரண்டு என்று இருக்கிறது. ஒருவர் மட்டும் என்றால் பிரீமியம் கூடும், அதனால்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது. நான் போனில் கேட்கக் கேட்க நீங்கள் சொன்ன பதில்கள்தான் அந்தப் படிவம். ஏன் அண்ணி இரண்டு என்று சொன்னீர்கள்? இறப்புச் சான்றிதழ் ஒரு நிமிஷத்தில் கிடைக்கிற காகிதம். அந்தப் பையன் ஃபைலில் "கணவரைச் சந்திக்க மீண்டும் செல்ல வேண்டும்" என்று எழுதி வைத்திருக்கிறான். மீண்டும் வந்து யாரைச் சந்திப்பான்?

உங்களுக்குப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. கதவுக்கு நல்ல பூட்டு வாங்கிக் கொடுத்திருப்பேனே. செருப்பை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு இது?

எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. நிறுத்திக்கொள்கிறேன். நான் சொல்லும்வரை யாரிடமும் எதுவும் பேசாதீர்கள்.


மார்ச் 27

என் கலெக்டருக்கு,

உன் கடிதத்தில் கையெழுத்துப் போட மறந்துவிட்டாய். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவ்வளவு கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீடு போனால் போகட்டும் என்று எழுத நினைத்தேன். எழுதியும் பார்த்தேன், பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். எனக்கு இந்த வீடு வேண்டும். எதிர்ப்பக்க டிரைவிங் ஸ்கூல்காரன் காலை ஏழு மணிக்கு அடிக்கிற ஹாரன்கூட வேண்டும். மாடியில் யாராவது நடக்கிற சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அறை விடுவது வருமானத்துக்கு என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வருமானமும்தான், ஆனால் அது மட்டும் இல்லை.

ஏன் இரண்டு என்று சொன்னீர்கள் என்று கேட்கிறாய். நான் சொன்னது உண்மை. நீ அன்று போனில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாய். வீடு எத்தனை வருஷம் பழசு, தீயணைக்கும் கருவி இருக்கிறதா, மாடிக்குத் தனி வாசலா. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "வீட்ல எத்தனை பேர் அண்ணி?" என்று கேட்டாய். நான், "நாங்க ரெண்டு பேர்தானே" என்றேன். முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், அதுபாட்டுக்கு வந்துவிட்டது. சொன்ன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, நீ திருத்துவாய் என்று காத்திருந்தேன். நீ எதையும் திருத்தாமல் விடுகிறவள் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் இருந்த பிழையையே சிவப்பு மசியில் திருத்தி உன் அண்ணனிடம் கொடுத்தவள். அதற்குத்தானே அவர் உனக்குக் கலெக்டர் என்று பேர் வைத்தார்.

நீ திருத்தவில்லை. அப்புறம் ஒரே ஒரு பொத்தானைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய்.

போனை வைத்தபிறகு நான் எவ்வளவு நேரம் அழுதேன் தெரியுமா? துக்கத்தில் இல்லை. உலகத்தில் இன்னும் ஒருத்திக்கு அவர் இந்த வீட்டில் இருக்கிறார் என்று. அன்றைக்கு நீ எனக்குச் செய்ததை யாரும் எனக்குச் செய்ததில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இப்படிக் குற்றப்பத்திரிகை மாதிரி எழுத வேண்டியதாகிவிட்டது.

உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்றால் என்னைப் பொய்க்காரி என்றே எழுதிக்கொள்ளச் சொல். வீட்டை விற்று அந்த மனிதருக்குக் கொடுத்துவிட்டு எங்காவது ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன கடிதம் எழுதும்போதும் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்துகொண்டேதான் "ஏன் சொன்னீர்கள்" என்று உங்களைக் கேட்டேன். வெட்கங்கெட்ட வேலை. கோபமெல்லாம் என்மேல்தான், அதைக் கொட்ட நீங்கள் கிடைத்தீர்கள்.

உங்களுக்காக நான் அந்த இரண்டைத் தட்டவில்லை. அந்த நன்றிக்கு நான் தகுதி இல்லாதவள். எனக்காகத்தான் தட்டினேன். இருபத்திரண்டு வருஷமாக ஊராரின் படிவங்களில் பொய் தேடுகிற வேலை பார்க்கிறேன். திரையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது, ஒன்று என்று போட வேண்டும் என்று தெரியும். கை ஒன்றின் மேல் போய் நின்றது, அழுத்த வரவில்லை. அழுத்தினால் நானே அவனை வீட்டைவிட்டு வெளியேற்றுகிற மாதிரி இருந்தது. ரயில் தாமதமாகி நான் வந்து சேர்வதற்குள் அவனை எடுத்தாயிற்று, அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காததால் எனக்குப் பாதி நாள் அவன் அங்கே இருக்கிறான் என்றுதான் ஓடுகிறது. படிவத்தில் இரண்டு என்று போட்டேன், "உதவியவர்" என்ற இடத்தில் என் பணி எண்ணையும் போட்டேன். பிறகு ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். பைத்தியக்காரத்தனம்.

நேற்றுக் காலை மேலாளரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலை வாங்கிப் பார்த்ததையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "நீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். என்மேல் ஒரு விசாரணை இருக்கும். இருக்கட்டும். என்னைக் காப்பாற்ற நீங்கள் வீட்டை விற்பதாக எழுதியிருக்கிறீர்களே, இன்னொரு தடவை அப்படி எழுதினால் உங்களோடு பேசவே மாட்டேன்.

வீட்டைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. கம்பெனி கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களாகவே உண்மையைச் சொல்லித் திருத்தினால், மேலிடம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வீட்டில் ஒருவர் இருந்தாலும் இரண்டு பேர் இருந்தாலும் அந்தப் பட்டை பெயர்ந்துதான் இருக்கும் என்று வாதாடலாம். உறுதி இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. உங்கள் கையால் ஒரு வாக்குமூலம் எழுதுங்கள். அவன் பெயர், தேதி, வீட்டில் இருப்பது யார், விசாரணையில் சொன்னது பொய், ஏன் சொன்னீர்கள், எல்லாம் இருக்க வேண்டும். சுற்றி வளைக்க வேண்டாம். "அவர் இப்போது இல்லை", "போய்விட்டார்" என்றெல்லாம் எழுதக்கூடாது. எந்த வார்த்தையை எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நானும் அதை இன்னும் எழுதியதில்லை.

மெக்கானிக்கின் வாக்குமூலத்திலும் "வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கீழே இருக்கிறார்கள்" என்று இருக்கிறது. நீங்கள் அவரை நம்பவைத்ததால் சொல்லியிருப்பார். நேரில் போய் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மன்னித்துவிடுங்கள் அண்ணி.

உங்கள் கலெக்டர்


ஏப்ரல் 9

என் கண்ணு,

மன்னிப்பாவது ஒன்றாவது. நீ தட்டியதும் தட்டாததும் நம் இரண்டு பேருக்கும் பொது. அதை விடு.

மெக்கானிக்கிடம் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள், இப்போது கம்பெனி எடுத்துக் கொடுத்த ஒரு தரைத்தள அறையில் இருக்கிறார். காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டப்பாவை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாமல் இருந்தால் கை அரிக்கிறதாம். நான் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "என் வீட்டுக்காரரைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவர் ஸ்க்ரூவைக் கீழே வைத்தார்.

"தெரியும் அக்கா" என்றார்.

"என்ன தெரியும்?"

"மூணு வாரமா தினமும் 'ஏங்க, டீ ஆறுது'ன்னு கூப்பிடறீங்க. ஒரு நாளாவது பதிலுக்கு ஒரு 'ம்' வரணுமில்ல?"

எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அப்புறம் ஏன் விசாரணையில் இரண்டு பேர் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "வந்தவன் முதல்லயே, 'வீட்டுக்காரம்மா அவங்க வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார்னு சொன்னாங்க, நீங்க பாத்திருக்கீங்களா'ன்னு கேட்டான். நீங்க இருக்கார்னு சொல்லும்போது நான் எப்படிக்கா இல்லேன்னு சொல்றது? 'கீழதான் இருக்காங்க ரெண்டு பேரும்'னு சொல்லிட்டேன்" என்றார். எத்தனை பேரடி உன் அண்ணனை உயிரோடு வைத்திருந்திருக்கிறோம்! கால் உடைந்தவரும் சேர்ந்து. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. தன் வாக்குமூலத்தைத் தானே மாற்றி எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். கொடுத்தும் விட்டாராம். கிளம்பும்போது, "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அவர் எப்படி இருப்பார்?" என்றார். இரண்டு வருஷமாக அப்படி ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அண்ணனின் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். வாசல் ஒரு மாதிரி இருக்கிறது. பழகிவிடும். நல்ல பூட்டு ஒன்று வாங்கி அனுப்பு, சொன்னாயே.

வாக்குமூலத்தை ஐந்து தடவை எழுதினேன். நான்கு தடவை அந்த வார்த்தை வந்ததும் நிறுத்திவிட்டேன். ஐந்தாவதைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் நீ திருத்து, சிவப்பு மசியிலேயே.

அண்ணி

மேலாளர் அவர்களுக்கு,

என் விண்ணப்பப் படிவத்தில் வீட்டில் வசிப்போர் இரண்டு பேர் என்று இருக்கிறது. அது தவறு. என் கணவர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜனவரி மாதம் பதினொன்றாம் தேதி, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, மாரடைப்பால் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். அவருடைய பெயர் இறப்புச் சான்றிதழில் உள்ளபடி. நகல் இணைத்திருக்கிறேன்.

வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

விசாரணைக்கு வந்தவரிடம் கணவர் வெளியே போயிருப்பதாகச் சொன்னது பொய். அவர் கெட்டிக்காரர், மரியாதையாகக் கேட்டார், தவறு அவருடையது இல்லை. தங்க வருகிறவர்களுக்கு நான் தனியாக இருப்பது தெரியக்கூடாது என்று அப்படிச் சொல்லிப் பழகியிருந்தேன். பழகியதால் சொன்னேன் என்பது ஒரு காரணம். சொன்னால் நன்றாக இருந்தது என்பது இன்னொரு காரணம். இரண்டும் உண்மை.

படியின் பட்டை பெயர்ந்தது எனக்குத் தெரியும். சொல்ல மறந்தது நான். அந்த மனிதருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்க வேண்டும். எனக்கு என்ன தண்டனை என்றாலும் அவருடையதைக் குறைக்காமல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.


ஏப்ரல் 24

அண்ணி,

நல்ல சேதி. உங்களுக்குப் பேனா வேண்டியது கெட்ட சேதிக்கு, எனக்கு எல்லாவற்றுக்கும் வேண்டும்.

பாலிசி செல்லும். வீடு உங்களுடையது. மெக்கானிக்கின் சிகிச்சையும் ஆறு மாதச் சம்பளமும் கம்பெனி கொடுக்கும். தவறு நடந்திருக்கிறது, ஆனால் விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பாலிசிதாரர் தாமாகவே முன்வந்து திருத்தியிருக்கிறார் என்று மேலிடத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் என்ற கணக்கில் பிரீமியத்தில் விட்டுப்போன வித்தியாசத்தைக் கட்டினால் போதும். அதை நான் கட்டிவிட்டேன், சண்டைக்கு வராதீர்கள்.

என்னை க்ளெய்ம் பிரிவிலிருந்து பழைய ஃபைல் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். பணிப் பதிவேட்டில் ஒரு வரி. இனி ஒரு வருஷம் தூசியோடுதான் குடித்தனம். கவலைப்படாதீர்கள், தூசி பொய் சொல்லாது.

உங்கள் வாக்குமூலத்தை மேலாளர் இரண்டு தடவை படித்தார். "இதில் ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க" என்றார். நான் சிவப்பு மசியை எடுக்கவே இல்லை. திருத்திய விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், வேறு யாராவது செய்யட்டும் என்று அவர் சொன்னார். நானே செய்கிறேன் என்றேன். ஒன்று என்று போட்டேன். அதன் கீழே அவன் பெயர், தேதி. நீங்கள் எழுதியிருந்த நேரத்துக்குக் கட்டம் இல்லை. மூன்று நாற்பது. அந்த நேரத்தில் நான் ரயிலில் இருந்தேன் அண்ணி. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, அவனுக்கு என்ன பழம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதுவரை எனக்கு நேரம் தெரியாது. நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. என் அண்ணன் இறந்துவிட்டான். எழுதிவிட்டேன் பாருங்கள்.

கட்டத்தை மூடிவிட்டு, ஃபைல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நன்றாக, சத்தமாக.

சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக லீவு கிடைக்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன் இல்லையா, அதுவும் பொய். வந்தால் அவன் இல்லாத வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பயந்தேன். மாடி அறையை யாருக்காவது கொடுத்திருந்தால் காலி செய்யாதீர்கள், நான் உங்கள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஜனவரி பதினொன்று காலையில் அவன் எழுந்ததிலிருந்து மூன்று நாற்பது வரைக்கும் எனக்குச் சொல்லுங்கள். என்ன சட்டை போட்டிருந்தான், எங்கே வலிக்கிறது என்றான், உங்கள் கையைப் பிடித்திருந்தானா, என்னைக் கேட்டானா. ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள் அண்ணி, நான் கேட்கிறேன்.